டிக்ரி வாங்கியாயிற்று, பணத்தை எப்படி வாங்குவது?

'வழக்கு செலவுத்தொகையுடன் டிக்ரி செய்யப்படுகிறது' என்ற வரியைக் கேட்டதும் ஜெயித்தவர் இனிப்பு வாங்கப் போய்விடுகிறார். தோற்றவரோ அன்று சாயங்காலமே வீட்டை யார் பெயருக்கு மாற்றலாம் என்று யோசிக்க ஆரம்பித்திருப்பார். இந்த இடைவெளியில்தான் பல டிக்ரிகள் ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிடுகின்றன.

நீதிமன்றம் தானாகப் போய் வசூலித்துத் தராது. கடனாளியிடம் என்ன இருக்கிறது, அது எங்கே இருக்கிறது, எந்த வழியில் வசூலிக்க வேண்டும் என்று சொல்லி டிக்ரிதாரர் தனியாக மனுப் போட வேண்டும். அதுதான் நிறைவேற்று மனு. கோர்ட் வளாகத்தில் 'ஈ.பி.' என்பார்கள், மின்வாரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் வழக்காடியின் சிரமம் டிக்ரி வாங்கிய பிறகே தொடங்குகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872லேயே சொல்லிவிட்டது. நிலுவையில் உள்ள ஈ.பி.க்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சிலும் எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த உத்தரவு தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் பிறந்தது.

இங்கே எழுதியிருப்பது பணத்துக்கான டிக்ரியைப் பற்றி மட்டும்: புரோநோட்டு, கைமாற்று, சரக்கு பாக்கி போன்றவை. தமிழ்நாட்டின் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்திலும் சார்பு நீதிமன்றத்திலும் நடக்கிற விதம் இது. சட்டம் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம். அதில் ஆர்டர் 21 முழுக்க இந்த வேலைக்குத்தான்.

முதலில் டிக்ரியைப் படியுங்கள்

தீர்ப்பு வேறு, டிக்ரி வேறு. ஏன் ஜெயித்தீர்கள் என்பது தீர்ப்பில் இருக்கும். யார், யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டியில் தர வேண்டும் என்பது டிக்ரியில் இருக்கும். நிறைவேற்றப்படுவது டிக்ரிதான். இரண்டுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு அதே வாரம் காப்பி அப்ளிகேஷன் போட்டுவிடுங்கள்.

நகல் வந்ததும் பிரதிவாதியின் பெயர், தகப்பனார் பெயர், அசல், வட்டி விகிதம், வட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது, செலவுத்தொகை ஆகியவற்றைத் தீர்ப்போடு ஒப்பிடுங்கள். தட்டச்சில் 9 சதவீதம் 6 ஆகியிருக்கும். இரண்டு பிரதிவாதிகளும் 'கூட்டாகவும் தனியாகவும்' என்று தீர்ப்பில் இருப்பது டிக்ரியில் விடுபட்டிருக்கும். எழுத்துப்பிழையும் கணக்குப்பிழையும் சட்டப்பிரிவு 152இன் கீழ் டிக்ரி கொடுத்த நீதிமன்றத்திலேயே திருத்தத்தக்கவை. இதை ஈ.பி. போடுவதற்கு முன் செய்யுங்கள். நிறைவேற்று நீதிமன்றம் டிக்ரியில் உள்ளதை மட்டுமே பார்க்கும், அதைத் தாண்டிப் போகாது. அங்கே போய் 'தீர்ப்பில் இருக்கிறதே' என்று வாதாடி லாபமில்லை.

காலக்கெடு

டிக்ரியை நிறைவேற்ற 12 வருஷம் அவகாசம். டிக்ரி தேதியிலிருந்து எண்ண வேண்டும், நகல் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. மேல்முறையீடு நடந்து முடிந்திருந்தால் மேல்முறையீட்டு டிக்ரியின் தேதி. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுப்போடும் வசதி இங்கே கிடையாது.

பன்னிரண்டு வருஷம் இருக்கிறதே என்று கிடப்பில் போடுவது தப்பு. டிக்ரி தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் ஈ.பி. போட்டால், சொத்து ஜப்திக்குக் கடனாளிக்கு முன்னறிவிப்பு இல்லாமலே உத்தரவு கேட்க முடியும். இரண்டு வருஷம் தாண்டினால் ஆர்டர் 21இன் ரூல் 22இன்படி முதலில் நோட்டீஸ் போக வேண்டும். கடனாளி இறந்து வாரிசுகள் மேல் போடுகிற மனுவுக்கும் அப்படியே. அந்த நோட்டீஸ் உரியவர் கைக்குப் போய்ச் சேர மூன்று நான்கு வாய்தா ஆகும். அதற்குள் வீடு மருமகன் பெயருக்குப் போயிருக்கும்.

பிரதிவாதி மேல்முறையீடு செய்திருக்கிறார் என்பதற்காகவும் காத்திருக்க வேண்டாம். தடையுத்தரவு இல்லாத மேல்முறையீடு நிறைவேற்றத்தை நிறுத்தாது. தடை கேட்டு வந்தால், தொகையைக் கட்டச் சொல்லியோ ஜாமீன் தரச் சொல்லியோ நிபந்தனை போடும்படி எதிர்ப்புத் தெரிவியுங்கள். இதற்கென்றே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முன்கூட்டி ஒரு கேவியட், அதாவது என்னைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்ற மனு, போட்டு வைப்பது நல்லது. கேவியட் 90 நாள்தான் செல்லும் என்பதை மறக்கக் கூடாது.

வர வேண்டியது எவ்வளவு?

மனுவில் தொகைக் கணக்கு தப்பாக இருந்தால் அலுவலகமே திருப்பிக் கொடுத்துவிடும், அல்லது கடனாளி அதையே பிடித்துக்கொண்டு ஆறு மாதம் இழுப்பார். ஓர் உதாரணம் பார்ப்போம். அசல் 3,00,000 ரூபாய். வழக்குத் தாக்கல் வரை வட்டி 40,000. ஆக வழக்குத் தொகை 3,40,000. தாக்கல் தேதி 10.6.2022, டிக்ரி தேதி 10.12.2023. இடைக்கால வட்டி அசலுக்கு 9 சதவீதம், டிக்ரிக்குப் பின் 6 சதவீதம். செலவுத்தொகை 22,450. ஈ.பி. போடுவது 10.6.2025.

வழக்குத் தொகை: 3,40,000
ஒன்றரை வருஷத்துக்கு 9 சதவீதம்: 40,500
அடுத்த ஒன்றரை வருஷத்துக்கு 6 சதவீதம்: 27,000
செலவுத்தொகை: 22,450
மொத்தம்: 4,29,950

இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, வட்டியை 3,40,000க்குப் போடுவது. வழக்குக்குப் பிந்தைய வட்டி அசலுக்கு மட்டுமே. வட்டிக்கு வட்டி இல்லை. இரண்டு, நடுவில் வந்த பணத்தைக் கழிக்கும் விதம். 10.12.2024இல் கடனாளி 50,000 கட்டினார் என்று வையுங்கள். இதற்கு என்று குறிப்பிடாமல் கட்டிய பணம் முதலில் வட்டிக்கும் செலவுக்கும் போய், மிச்சம் இருந்தால்தான் அசலுக்குப் போகும். அன்றைய தேதிக்கு வட்டி மட்டும் 98,500 நிற்கிறது. எனவே 50,000 முழுவதும் வட்டியிலேயே கரைகிறது. அசல் 3,00,000 அப்படியே நிற்கிறது. பாக்கி 3,79,950. அசலில் கழித்துவிட்டு 2,50,000க்கு வட்டி போடுகிறவர்கள் வருஷத்துக்கு 3,000 ரூபாயைத் தாங்களே தள்ளுபடி செய்கிறார்கள்.

வெளியில் கைக்கு வந்த பணத்தை மறைக்க வேண்டாம். மனுவில் அதற்கென்றே ஒரு பத்தி உண்டு, அதில் எழுதியே ஆக வேண்டும்.

சொத்தைத் தேடுகிற வேலை

ஈ.பி.யின் வெற்றி தோல்வி இங்கேதான் தீர்மானமாகிறது. வக்கீல் இதைச் செய்ய மாட்டார். தகவல் உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

நிலமோ வீடோ இருந்தால் தமிழ்நாடு பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வழக்குக்கு முந்தைய ஐந்து வருஷத்திலிருந்து இன்று வரை எடுங்கள். வழக்கு நோட்டீஸ் போன பிறகு மனைவிக்குத் தான செட்டில்மென்ட் நடந்திருந்தால் அது கண்ணில் படும். பட்டா, சிட்டா, அ பதிவேட்டை வருவாய்த் துறையின் இணையதளத்தில் எடுக்கலாம். வேலையில் இருப்பவர் என்றால் சம்பளம் கொடுக்கும் அதிகாரியின் சரியான பதவிப் பெயரும் முகவரியும் வேண்டும். பழைய காசோலை ஒன்று கையில் இருந்தால் அதில் வங்கிக் கணக்கு எண்ணும் கிளையும் இருக்கிறது. நீங்கள் அவருக்குக் கடன் கொடுத்தபோது அனுப்பிய வங்கிப் பரிமாற்றத்திலும் அதே விவரம் உண்டு.

ஒன்றுமே தெரியவில்லை என்றால் ரூல் 41 இருக்கிறது. கடனாளியைக் கூண்டில் ஏற்றி, உன்னிடம் என்ன சொத்து இருக்கிறது என்று விசாரிக்கச் சொல்லி மனுப் போடலாம். டிக்ரி 30 நாள் பணம் கட்டப்படாமல் கிடந்தால், தன் சொத்துகளைப் பட்டியலிட்டு அபிடவிட் தாக்கல் செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிட முடியும். உத்தரவை மதிக்காவிட்டால் மூன்று மாதம் வரை சிவில் சிறை. இவ்வளவு கூர்மையான கருவியை நம் ஊரில் கையில் எடுப்பவர்கள் குறைவு. அரெஸ்ட் ஈ.பி. போட்டு இரண்டு வருஷம் அலைகிறவர்கள் முதலில் இதைப் போட்டிருந்தால் தேவலை என்றுதான் தோன்றும்.

எந்த நீதிமன்றத்தில்?

டிக்ரி கொடுத்த நீதிமன்றத்திலேயே ஈ.பி. போடலாம், ஆளோ சொத்தோ அதன் எல்லைக்குள் இருந்தால். இல்லாவிட்டால் முதலில் டிரான்ஸ்மிட் மனு. திண்டுக்கல்லில் டிக்ரி, சொத்து சேலத்தில் என்றால், டிக்ரி நகலையும் இன்னும் ஈடேறவில்லை என்ற சான்றையும் சேலத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். அவை போய்ச் சேர்ந்த பிறகு அங்கே ஈ.பி. போட வேண்டும். டிரான்ஸ்மிட் மனு நிறைவேற்று மனுவாகாது. பதினோராவது வருஷத்தில் டிரான்ஸ்மிட் கேட்டு, ஆவணம் போய்ச் சேர்வதற்குள் 12 வருஷம் முடிந்துபோனால் யாரும் காப்பாற்ற முடியாது.

ஈ.பி.யில் வழக்கு எண், தரப்பினர், டிக்ரி தேதி, மேல்முறையீடு உண்டா, வெளியில் பணம் வந்ததா, முன்பு போட்ட ஈ.பி.க்கள் என்ன ஆயின, பாக்கித் தொகை, யார் மேல், எந்த வழியில் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அனுபவமுள்ள குமாஸ்தா அரை மணியில் நிரப்பிவிடுவார். கடைசிக் கட்டமான 'எந்த வழியில்' என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

சம்பளம், வங்கிக் கணக்கு

கடனாளி அரசு ஊழியர் என்றால் உங்களுக்கு நல்ல நேரம். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. கணக்கில் வரும் சம்பளம் 43,000 என்றால் 1,000 போக 42,000. அதில் 28,000 அவருக்கு, 14,000 உங்களுக்கு. ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான் பிடிக்கலாம். அதற்குப் பிறகு அந்த டிக்ரிக்கு அந்தச் சம்பளம் நிரந்தரமாக விலக்கு. மேலே உள்ள கணக்கில் 24 மாதத்துக்கு 3,36,000 வரும். பாக்கி 3,79,950. ஆக 43,950 துண்டு விழுகிறது. அதற்கு வேறு வழியை அப்போதே யோசித்து வையுங்கள். எந்தெந்தப் படிகள் கணக்கில் வராது என்பதற்கு அரசு அறிவிக்கை உண்டு என்பதால், சம்பளப் பட்டியலை வரவழைத்துப் பார்க்காமல் தொகையை நம்ப வேண்டாம்.

அரசு ஊழியர் எங்கே வேலை பார்த்தாலும் இந்த உத்தரவை அனுப்பலாம். தனியார் ஊழியருக்கு அப்படியில்லை; சம்பளம் வழங்கும் அதிகாரி அந்த நீதிமன்ற எல்லைக்குள் இருக்க வேண்டும். உத்தரவு கிடைத்த பிறகும் பிடிக்காமல் முழுச் சம்பளம் கொடுத்தால், அந்தத் தொகைக்குக் கொடுத்தவரே பொறுப்பு. கணக்குப் பிரிவு மெத்தனமாக இருந்தால் இதைச் சொல்லி ஒரு நினைவூட்டுக் கடிதம் போடுங்கள், அடுத்த மாதமே பிடித்தம் தொடங்கும். ஓய்வூதியம், பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றைச் சட்டப்பிரிவு 60 விலக்கி வைக்கிறது. அவற்றைக் குறிவைத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

வங்கிக் கணக்கில் உள்ள பணம் சட்டத்தின் பார்வையில் வங்கி கடனாளிக்குத் தர வேண்டிய கடன். ரூல் 46இன் கீழ் தடையுத்தரவு, பின் 46-ஏ இன் கீழ் வங்கிக்குக் கார்னிஷி நோட்டீஸ். வங்கி ஒன்று பணத்தைக் கோர்ட்டில் கட்ட வேண்டும், அல்லது வந்து காரணம் சொல்ல வேண்டும். இதே வழியில் கடனாளிக்கு வாடகை தர வேண்டிய குடித்தனக்காரர், சரக்குப் பணம் தர வேண்டிய கடைக்காரர், பில் தொகை தர வேண்டிய ஒப்பந்தக் கம்பெனி எல்லோரையும் பிடிக்கலாம். சிறு வியாபாரிகள் மேல் உள்ள டிக்ரிக்கு இது நிலத்தை ஏலம் போடுவதைவிடப் பல மடங்கு வேகம். கணக்கு கூட்டுக் கணக்கா, அதே வங்கியில் கடனும் இருக்கிறதா என்பதுதான் இதில் வரும் சிக்கல்.

வீட்டுச் சாமான் ஜப்தியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி, விவசாயியின் ஏர் மாடு விதைநெல், தாலி எல்லாம் விலக்கு. மிச்சமிருக்கும் டி.வி.யும் பீரோவும், ஜப்தி செய்ய வரும் கோர்ட் ஊழியரான அமீனாவின் வண்டிச் செலவுக்குக் கட்டாது. காரோ லாரியோ இருந்தால் கதை வேறு. ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

நிலமும் வீடும்

பெரிய தொகைக்கு இதுதான் வழி. நீளமானது, ஒவ்வொரு படியிலும் ஒரு குழி உண்டு.

முதல் குழி சொத்து விவரப் பட்டியல். பதிவு மாவட்டம், சார்பதிவகம், வட்டம், கிராமம், புல எண், விஸ்தீரணம், நான்கெல்லை, கதவு எண், கடனாளிக்கு அதில் என்ன பங்கு என்பதெல்லாம் வேண்டும். பழைய பத்திரத்தில் 112/3 என்று இருக்கும். உட்பிரிவாகி இப்போது பட்டாவில் 112/3பி ஆகியிருக்கும். பழைய எண்ணை மட்டும் போட்டால் அமீனா போய் நின்று 'இந்த எண்ணில் இப்போது இடமே இல்லை' என்று எழுதி வாரண்ட்டைத் திருப்பிவிடுவார். இரண்டையும் எழுதுங்கள்: 'பழைய புல எண் 112/3, தற்போதைய உட்பிரிவு 112/3பி'. எல்லையையும் இன்றைய நிலவரப்படி நேரில் பார்த்துச் சரிசெய்யுங்கள். 'தெற்கே முத்துசாமி தோட்டம்' என்பது இப்போது நாலு பிளாட்டாக இருக்கும்.

ஜப்தி உத்தரவானதும் பேட்டா கட்ட வேண்டும். பேட்டா என்பது அமீனா போய்வருவதற்கும் தண்டோராவுக்கும் ஆகும் கட்டணம். குறித்த வாய்தாவுக்குள் கட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுபடியாகும் ஈ.பி.க்களை அன்றாட வழக்குப் பட்டியலில் பார்க்கலாம். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஜப்தி நடந்த பிறகு ஈ.பி. தள்ளுபடியானால், ஜப்தி தொடரும் என்று அதே உத்தரவில் நீதிமன்றம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஜப்தியும் சேர்ந்து போய்விடும். மறுபடி ஈ.பி. போடலாம், ஆனால் நடுவில் விற்றுவிட்டால் பிடிக்க முடியாது. தள்ளுபடியான மனுவைத் திரும்பக் கோப்புக்கு எடுக்க 30 நாள் கெடு, அதைத் தாண்டவிடாதீர்கள்.

அமீனா ஜப்தி செய்யப் போகும் நாளில் கூடவே போங்கள். இடத்தை அடையாளம் காட்ட ஆள் இல்லை என்று வாரண்ட் திரும்புவது சர்வசாதாரணம். ரூல் 54 கேட்பது இதுதான்: இடத்திலோ பக்கத்திலோ தண்டோரா, சொத்தில் கண்ணில் படும் இடத்தில் உத்தரவை ஒட்டுதல், நீதிமன்றப் பலகையில் ஒட்டுதல், வரி கட்டும் நிலமாக இருந்தால் கலெக்டர் அலுவலகத்திலும் கிராமத்தில் இருந்தால் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுதல். அமீனாவின் அறிக்கையில் தண்டோரா போட்டவரின் கையெழுத்து அல்லது ரேகை, இரண்டு சாட்சிகள், தேதி, நேரம் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் கழித்து ஏலத்தை ரத்து செய்யக் கேட்டு வருகிற மனுவின் முதல் வரியே 'தண்டோரா போடவேயில்லை' என்பதாகத்தான் இருக்கும்.

ஜப்தி உத்தரவைச் சார்பதிவாளருக்கும் அனுப்பச் சொல்லி, வில்லங்கத்தில் ஏறிவிட்டதா என்று மறுபடி ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டுப் பாருங்கள். ஜப்திக்குப் பின் நடக்கும் தனியார் விற்பனை உங்கள் உரிமையைப் பாதிக்காது என்பது சட்டப்பிரிவு 64. ஜப்திக்கு முன்பே பதிவான கிரய ஒப்பந்தத்தின்படி நடக்கும் விற்பனை அதற்கு விலக்கு.

வழக்கு நடக்கும்போதே சொத்தை விற்கப் பார்க்கிறார் என்று தெரிந்தால், ஆர்டர் 38 ரூல் 5இன் கீழ் தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி வாங்கி வைத்திருக்கலாம். அப்படி வாங்கியிருந்தால் டிக்ரிக்குப் பிறகு திரும்ப ஜப்தி தேவையில்லை, நேரே ஏலத்துக்குப் போகலாம். சும்மா 'விற்கப் போகிறார்' என்று எழுதினால் கிடைக்காது. யாரிடம் பேசுகிறார், எந்தத் தரகர், என்ன விலை என்று அபிடவிட்டில் இருக்க வேண்டும்.

ஜப்தி ஆனதும் மனைவியோ தம்பியோ 'சொத்து என்னுடையது' என்று ரூல் 58இன் கீழ் மனுவோடு வருவார்கள். பயப்பட வேண்டாம். உரிமை யாருக்கு என்பதை நிறைவேற்று நீதிமன்றமே விசாரித்து முடிவு செய்யும். கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கில் செய்த செட்டில்மென்ட் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டப்பிரிவு 53ஐ எதிர்வாதமாக வைக்கலாம். செட்டில்மென்ட் தேதி, வக்கீல் நோட்டீஸ் தேதி, வழக்குத் தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினால் பாதி வாதம் முடிந்துவிடும்.

அடுத்தது ஏலம். ஏல அறிவிப்பில் சொத்தின் மேல் உள்ள அடமானம், உங்கள் மதிப்பு, கடனாளி சொல்லும் மதிப்பு எல்லாம் வர வேண்டும். மதிப்பை அடிமட்டத்துக்குக் குறைத்துக் காட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். பிறகு ஏலம் ரத்தாவதற்கு அதுவே காரணமாகும். அதைவிட முக்கியம் ரூல் 64. டிக்ரித் தொகைக்கு எவ்வளவு சொத்து போதுமோ அவ்வளவைத்தான் விற்க வேண்டும். நான்கு லட்சம் பாக்கிக்கு ஐந்து ஏக்கரையும் விற்ற ஏலங்களை உச்ச நீதிமன்றம் பலமுறை ரத்து செய்திருக்கிறது. பிரிக்க முடிகிற நிலம் என்றால் மனுவிலேயே அயிட்டம் அயிட்டமாகப் பிரித்து, முதலில் எதை விற்பது என்று எழுதுங்கள்.

அறிவிப்பை நீதிமன்றத்தில் ஒட்டி 15 நாளாவது ஆன பிறகே ஏலம் நடத்தலாம். ஏலம் 30 நாளுக்கு மேல் தள்ளிப்போனால், கடனாளி வேண்டாம் என்று ஒப்புக்கொண்டால் ஒழிய, புதிதாக அறிவிப்பு வேண்டும். ஏலம் கேட்க ஆள் வராது என்று தெரிந்தால் நீங்களே கேட்கலாம். அதற்கு முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். வாங்கினால் ஏலத் தொகையில் உங்கள் டிக்ரித் தொகையைக் கழித்துக்கொள்ளலாம்.

வெளியாள் எடுத்தால் அன்றே 25 சதவீதம், 15 நாளுக்குள் மீதி. பதினாறாவது நாள் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ள நீதிமன்றத்துக்கே அதிகாரம் இல்லை, ஏலம் செல்லாது. கடனாளிக்கு 60 நாள் கடைசி வாய்ப்பு உண்டு: அறிவிப்பில் கண்ட தொகையையும் ஏல விலையில் 5 சதவீதத்தையும் கட்டி, ரூல் 89இன் கீழ் சொத்தை மீட்டுக்கொள்ளலாம். முறைகேடு என்று ரூல் 90இல் வருபவர், அதனால் தனக்குக் கணிசமான நஷ்டம் என்றும் காட்ட வேண்டும். இதெல்லாம் தாண்டி ஏலம் உறுதியானால் விற்பனைச் சான்று. நீங்களே எடுத்திருந்தால், உறுதியான தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் சுவாதீனம் கேட்டு மனுப் போட மறக்காதீர்கள்.

அரெஸ்ட்

நம் ஊரில் டிக்ரிதாரருக்கு முதலில் தோன்றுவது இதுதான். 'ஆளை உள்ளே தள்ளினால் பணம் வந்துவிடும்' என்ற நம்பிக்கை. பணம் இல்லாதவரை உள்ளே தள்ள முடியாது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பாங்க் ஆஃப் கொச்சின் வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: வெறும் ஏழ்மை குற்றமல்ல, கட்ட வசதி இருந்தும் கட்ட மறுக்கிற கெட்ட எண்ணம் வேண்டும்.

ஆகவே அரெஸ்ட் ஈ.பி.யில் நடக்கிற சண்டை முழுவதும் 'மீன்ஸ்' பற்றியது. வசதி இருக்கிறது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. 'எதிர்மனுதாரர் நல்ல வசதியுடன் இருக்கிறார்' என்று சாட்சியம் சொல்லிவிட்டு இறங்கினால் மனு தள்ளுபடி. டிக்ரிக்குப் பிறகு அவர் வாங்கிய வண்டியின் பதிவு விவரம், கடையின் உரிமம், பிள்ளைக்குக் கல்லூரியில் கட்டிய கட்டணம், அவர் பெயரில் உள்ள பட்டா ஆகியவைதான் பேசும். ஆனால் பட்டாவையே காட்டினால், 'சொத்து இருக்கிறதே, அதை ஜப்தி செய்யாமல் ஏன் ஆளைக் கேட்கிறீர்கள்' என்று நீதிபதி கேட்பார். ஆளின் மேலும் சொத்தின் மேலும் ஒரே நேரத்தில் போவதை மறுக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்ய முடியாது. சூரியன் மறைந்த பின் விடியும்வரை வீட்டுக்குள் நுழைய முடியாது. டிக்ரி 2,000 ரூபாய்க்கு மேல் இல்லை என்றால் சிறையே இல்லை. 5,000 வரை ஆறு வாரம், அதற்கு மேல் மூன்று மாதம்தான் உச்சம். அந்தக் காலம் முழுவதும் சிவில் கைதியின் சாப்பாட்டுப் படியை நீங்கள்தான் முன்கூட்டிக் கட்ட வேண்டும். கட்டாத அன்று வெளியே விடுவார்கள். வெளியே வந்தவரை அதே டிக்ரிக்கு மறுபடி பிடிக்க முடியாது. கடன் மட்டும் தீராமல் நிற்கும்.

நடைமுறையில் அரெஸ்ட் ஈ.பி. சிறைக்குப் போவது அபூர்வம். வாரண்ட் என்றதும் கடனாளி பத்தாயிரத்தோடு வந்து மூன்று வாரம் அவகாசம் கேட்பார். தொகையையும் அடுத்த தவணைத் தேதியையும் உத்தரவில் பதியச் சொல்லி வாங்குங்கள்.

பணம் வந்தால்

தோற்றவருக்கும் இங்கே ஒரு வார்த்தை. கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணத்தைப் பதிவு செய்யாவிட்டால் நிறைவேற்று நீதிமன்றம் அதைக் கண்ணெடுத்தும் பார்க்காது. டிக்ரிதாரர் பதிவு செய்யவில்லை என்றால், கொடுத்த 30 நாளுக்குள் நீங்களே ரூல் 2இன் கீழ் மனுப் போட வேண்டும். பெட்டிக்கடை ரசீதும் ஊர்ப் பஞ்சாயத்தில் எண்ணிக் கொடுத்த கதையும் பின்னால் உதவாது. தவணை கேட்க நினைப்பவர் வழக்கு நடக்கும்போதே கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். டிக்ரிக்குப் பிறகு டிக்ரிதாரர் சம்மதித்தால்தான் தவணை உத்தரவு. லோக் அதாலத்தில் சமரசமாக முடிந்தால் வழக்கில் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும்; அந்த அவார்டும் டிக்ரியைப் போலவே நிறைவேற்றத்தக்கது, மேல்முறையீடும் இல்லை.

டிக்ரிதாரருக்கு: கோர்ட்டில் பணம் கட்டப்பட்டுவிட்டது என்பதால் அது தானாக உங்கள் கணக்குக்கு வந்துவிடாது. எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டுத் தனி மனு வேண்டும், வங்கி விவரத்தோடு. இன்னொரு ஆபத்தும் உண்டு. அதே கடனாளி மேல் வேறு யாராவது அதே நீதிமன்றத்தில், பணம் வந்து சேர்வதற்கு முன்பே ஈ.பி. போட்டிருந்தால், சட்டப்பிரிவு 73இன்படி அவருக்கும் விகிதாசாரப் பங்கு போகும். அந்தக் கடனாளிக்கு ஊரெல்லாம் கடன் என்று தெரிந்தால், இணையத்தில் வழக்கு நிலவரத்தில் அவர் பெயரைப் போட்டு மாதம் ஒருமுறை பாருங்கள்.

முழுத்தொகையும் வந்த அன்று 'முழு ஈடேற்றம்' என்று மெமோ தாக்கல் செய்து ஈ.பி.யை முடியுங்கள். ஜப்தி நீக்கிய உத்தரவின் நகல் சார்பதிவகத்துக்குப் போய், வில்லங்கத்தில் அந்தப் பதிவு நீங்கியிருக்கிறதா என்று பார்ப்பது கடனாளியின் வேலை.